அழிக்கும் பொத்தானைத் தொடாத வசந்தன்

வசந்தன் இறந்துபோன செய்தி வந்தபோது என் கையில் பாதி உரித்த கார்ச்சோஃபி இருந்தது. பலேர்மோவிலிருந்து ரயிலில் போய்ச் சேரும் பகேரியாவில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான வீட்டுக்கார அம்மா, சின்யோரா. அவருக்கு எண்பத்தெட்டு வயது. அந்தக் காயின் முள்ளையெல்லாம் நறுக்கி, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் அவித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவார். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தொலைபேசியில் என் கணவர். பலேர்மோ துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்குச் சமையலறை வேலை. வேலை நேரத்தில் அவர் எனக்கு எடுத்ததே இல்லை.

"இஞ்சேரும், வசந்தன் மோசம் போயிட்டான்."

"எந்த வசந்தன்?"

"எந்த வசந்தனோ? எங்கட வசந்தன்தான். கப்பலிலை வேலையிலை நிக்கேக்கை படியிலை விழுந்தவனாம். தூக்கேக்கையே உயிரில்லையாம்."

நான் கேட்டேன்: "அப்ப நிலாவின்ர லப்டொப்?"

ஆம். அதைத்தான் கேட்டேன். ஐயோ என்று சொல்லவில்லை. அவருடைய மனைவி சுமதி எப்படி இருக்கிறார், பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. நாற்பத்தாறு வயது மனிதன் செத்துப்போனான் என்று சொல்கிறார்கள், நான் என் மகளின் மடிக்கணினியைக் கேட்டேன். மறுபக்கத்தில் பாத்திரங்கள் உருண்டன. பிறகு என் கணவர், "உமக்கு விசரே?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அதற்குப் பிறகுதான் செய்தி எனக்கு உறைத்தது. அப்படி இருக்காது, இருக்கவே இருக்காது என்று நினைத்தேன். முதல் நாள் பின்னேரம்தான் அவர், திருத்தக் கொடுத்திருந்த நிலாவின் கணினியைப் பற்றி எனக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தார்: "அக்கா, கொப்பி போய்க்கொண்டிருக்கு. அது ஆமை. ஆனால் போகுது. நாளைக்குப் பின்னேரம் நிலாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." நாளைக்கு வாங்கோ என்று சொன்ன மனிதன் நாளைக்கு இல்லை என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, சின்யோரா தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். யார் செத்தது என்று கேட்டார். எங்களுக்குக் கணினி திருத்தித் தருகிறவர் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, போய் அடுப்பை அணைத்தார்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச்சொல்லி சுமதி கேட்டபோது முதலில் மறுத்தேன். வசந்தனை அறிந்த உங்கள் முன்னால், என் வாயிலிருந்து வந்த அந்த முதல் சொல்லை ஒளித்துவிட்டு என்ன எழுதினாலும் அது பொய் என்று எனக்குப் பட்டது. சுமதியிடமே அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

இப்படியான மலர்களில் சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதுவார்கள். வசந்தனுக்கு அது பொருந்தாது. அவர் நன்றாகவே ஏசுவார். பல்லரோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், அவருடைய வீட்டு இரண்டாம் மாடிப் படிகளில் மூச்சு வாங்க ஏறிப் போய், "தம்பி, இது வேலை செய்யேல்லை" என்று ஒரு கணினியை நீட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொன்னால், "அப்ப அது தானாத்தான் தற்கொலை செய்ததோ?" என்பார். உண்மையைச் சொல்லும்வரை மூடியைத் திறக்கமாட்டார். அந்த ஒழுங்கையில் எத்தனை பெரிய மனிதர்கள் அவர் முன்னால் கணினிக்கு மேல் தேத்தண்ணி ஊற்றிய கதையை ஒப்புக்கொண்டார்கள் என்பது எனக்கும் சுமதிக்கும் தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

அவர் இதையெல்லாம் எங்கும் படித்தவரில்லை. சாவகச்சேரியிலிருந்து இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து பலேர்மோ துறைமுகத்தில் கப்பல் அறைகள் துப்புரவாக்கும் வேலைதான். நாப்போலியிலிருந்து காலையில் வந்து சேரும் கப்பலில் பயணிகள் இறங்கிய கையோடு இவர்கள் ஏறுவார்கள். படுக்கை விரிப்பை உருவி, புதியதை விரித்து, குளியலறை கழுவி, அடுத்த அறை. ஒருமுறை கப்பலில் வேலை செய்யும் ஒருவர் எறியப்போன பழைய கணினியை இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு இயங்குதளம் போடப் போய் முழுதாகக் கெடுத்தார். மறுபடி போட்டார், மறுபடி கெட்டது. "மூண்டு தரம் கெடுத்துப்போட்டுத்தான் ஒருதரம் திருத்தினனான். கெடுக்காமல் பழகினவன் ஆரும் இருந்தால் எனக்குக் காட்டுங்கோ" என்று அதைப் பெருமையாகவே சொல்வார்.

அவர் வேலை செய்யும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணினியை வைத்துவிட்டு வாருங்கள், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கதையே அவரிடம் இல்லை. சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கவேண்டும். உள்ளே இருப்பதெல்லாவற்றையும் முதலில் வெளியே ஒரு ஹாட் டிஸ்க்கில் கொப்பி எடுப்பார். எடுத்த பிறகு, நீங்கள் விரும்பிய மூன்று சாமான்களை அந்தக் கொப்பியிலிருந்து திறக்கச் சொல்வார். படமென்றால் படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லவேண்டும். எழுத்தென்றால் ஒரு வரி உரக்க வாசிக்கவேண்டும். "கொப்பி எடுத்தாச்சு எண்டால் காணாது. திறந்து பாத்த பிறகுதான் அது கொப்பி" என்பார். அதற்குப் பிறகு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றத் தொடங்குவார். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கணினி கேட்கும் இடம் வரும். அந்த இடத்தில் மடிக்கணினியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"அழிக்கிறது நீங்கள். ஏத்துறது நான்."

எனக்கு இந்தக் கூத்து எரிச்சலாக இருந்தது. முதல்தடவை போனபோது, "தம்பி, எனக்கு இங்கிலீசும் தெரியாது, உதுவும் தெரியாது, ஃபோர்மட் அடிக்கிறதெண்டால் அடிச்சு விடுமன்" என்றேன். அவர் கையை முன்னால் எடுக்கவில்லை. அப்போதுதான் ஞானம் அண்ணையின் கதையைச் சொன்னார். மன்னாரிலிருந்து வந்த ஞானம் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். வசந்தன் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் ஞானம் அண்ணை ஒரு கணினியைக் கொண்டுவந்து கொடுத்து, "அதுக்குள்ளை ஒண்டும் இல்லை, அடிச்சு விடு" என்றாராம். வசந்தன் அடித்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து ஞானம் அண்ணை வந்து, கடைசிப் பிள்ளையின் ஞானஸ்நானப் படங்கள் எங்கே என்று கேட்டாராம்.

"அந்த மனுசன் என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை அக்கா. சரி தம்பி எண்டு சொல்லிப்போட்டுப் படியாலை இறங்கிப் போனவர். ஏசியிருந்தால் நான் எப்பவோ மறந்திருப்பன்."

அன்றைக்கு நான் என் விரலாலேயே அந்தப் பொத்தானை அழுத்தினேன். அது சில வருடங்களுக்கு முன்.

இந்தமுறை நடந்ததற்கு நான்தான் காரணம். என் மகள் நிலா பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறாள். ஆய்வேட்டைத் திங்கட்கிழமை மதியத்துக்கு முன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டும், தவறினால் பட்டம் அடுத்த தவணைக்குப் போய்விடும், கிடைக்கவிருந்த வேலையும் போய்விடும். அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, அவள் கணினியை அப்டேட் போட்டு, மின்சாரத்தில் கொழுவிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து வானம் கறுத்து இடி இடித்தது. இடி இடித்தால் நான் என்ன செய்வேன்? வீட்டிலுள்ள எல்லா வயரையும் கழற்றுவேன். ஊரில் பழகிய பழக்கம். தொலைக்காட்சி, குளிர்சாதனப்பெட்டி, அரைக்கிற மெஷின், ஒன்றும் விடமாட்டேன். நிலாவின் கணினியையும் கழற்றினேன். அந்தக் கணினியின் பற்றரி செத்து ஒரு வருடம். நிலா வந்து திறந்தபோது கறுத்தத் திரையில் சின்னப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு நீலம். பிறகு மறுபடி கறுப்பு.

"அம்மா, ஏன் கழட்டினனீங்கள்?"

"இடி இடிச்சது பிள்ளை."

அவள் தரையிலேயே இருந்துவிட்டாள். கடைசி இரண்டு மாதம் எழுதியது முழுவதும் அதற்குள் மட்டும்தான் இருந்தது. இணையத்தில் ஏற்றி வைக்கும் இடம் நிறைந்துவிட்டது என்று அது காட்டியிருக்கிறது, பிறகு பார்ப்போம் என்று விட்டிருக்கிறாள். அவளை ஏச எனக்கு வாய் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைகிற நேரத்தில் நான் மட்டும் கணினியைத் தூக்கிக்கொண்டு வசந்தனிடம் போனேன். அழுது அழுது நிலாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. வழக்கம்போல, "நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு சுமதி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயோ அக்கா, இடி பலேர்மோவிலையோ இடிச்சது, உங்கட மண்டைக்குள்ளையோ?"

"சிரிக்கிறதெண்டால் நான் போறன்."

"இருங்கோ, இருங்கோ. கோவிக்காதேங்கோ. என்ர மனுசியும் போன கிழமை ஃப்ரிட்ஜைக் கழட்டிப்போட்டு மீன் முழுக்க நாற விட்டவ."

"இடிக்குப் பயந்து கழட்டினது நீங்கள், நானில்லை" என்று சுமதி உள்ளே இருந்து சொன்னார்.

பிறகு வேலையைத் தொடங்கினார். அதைத் தானே செய்யாமல் என்னைக் கொண்டு செய்வித்தார். அவருடைய பென்டிரைவ் ஒன்றில் தனியாக ஒரு சின்ன இயங்குதளம் இருக்கும். அதைக் கணினியில் செருகி, பொத்தானை அழுத்தி உயிர்ப்பித்தவுடனே, மேல் வரிசையில் ஒரு பொத்தானை விடாமல் தட்டவேண்டும். நான் பயந்து பயந்து ஒருதரம் தட்டினேன். "உதென்ன, கோயில் மணிக்கு முத்தம் குடுக்கிற மாதிரி? மரங்கொத்தி மாதிரிக் கொத்துங்கோ" என்றார். கொத்தினேன். நாலாம் முறை திரை வேறு நிறத்தில் எழும்பியது. அவர் காட்டிய இடங்களில் நானே திறந்து திறந்து போனேன். நிலாவின் பெயர், அதற்குள் ஆய்வேடு. அதைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன்.

"கணினிக்குள்ளை ரெண்டு சாமான் அக்கா. ஒண்டு வீடு. மற்றது வீட்டுக்குள்ளை இருக்கிற சாமான். நீங்கள் இடிச்சது வீட்டை. சாமான் கிடக்கு. முதல் அதை வெளியிலை எடுப்பம், பேந்து வீட்டை இடிச்சுக் கட்டுவம்." டிஸ்க்கும் பழசாகிக் களைத்துப் போயிருந்ததால் கொப்பி மெதுவாகத்தான் போகும், இரண்டு நாள் எடுக்கலாம் என்றார். செவ்வாய் பின்னேரம் நிலா வந்து, திறந்து பார்த்து, அழிக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். புறப்படும்போது, "வயர் மட்டும் கழரக்கூடாது. எங்கட வீட்டிலை இடி இடிச்சாலும் நான் கழட்ட விடமாட்டன்" என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாக நேரில் பார்த்தது.

செவ்வாய் பின்னேரம் அந்தப் படிகளில் நாங்கள் ஏறியபோது ஆட்கள் கீழ் வாசல்வரை நின்றார்கள். மேலே அவர் இல்லை. உடல் ஆஸ்பத்திரியில் இருந்தது, எப்போது தருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் அவர் வேலை செய்யும் மேசையில் அவருடைய படம் வைத்து விளக்கு ஏற்றியிருந்தார்கள். படத்தைப் பார்க்கவேண்டிய என் கண், மேசைக்குக் கீழே போனது. சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் நிலாவின் கணினி, ஹாட் டிஸ்க், பென்டிரைவ் எல்லாம் அடுக்கி, வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார்கள். விளக்கு வைக்க மேசையை ஒதுக்கியிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் ஒதுக்கியிருப்பேன்.

சுமதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுதபடியே, அந்தக் கொப்பி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று என் மனம் கணக்குப் பார்த்தது. சீ என்று என்னையே காறித் துப்பவேண்டும் போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிலா சொன்னாள்: "அம்மா, நீங்கள் அதைக் கேக்கக்கூடாது. தேசி போனால் போகட்டும். ப்ரொஃபெஸ்ஸோரெஸ்ஸாவிட்டை நான் கதைக்கிறன்." தேசி என்றால் இத்தாலிய மொழியில் ஆய்வேடு, ப்ரொஃபெஸ்ஸோரெஸ்ஸா என்றால் பேராசிரியை. இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு இருந்த மானம் எனக்கு இருக்கவில்லையே என்று நினைத்தேன். ஆனாலும் நான் அவளுடைய தாய். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பும்போது இன்னும் ஐந்து நாள், இன்னும் நான்கு நாள் என்றுதான் எழும்பினேன்.

வெள்ளிக்கிழமை உடலைத் தந்தார்கள். சனிக்கிழமை கிரியைகள் முடிந்தன. சவப்பெட்டிக்குள் கோட்டும் சூட்டும் போட்டு, தலை வாரி, யாரோ வங்கி அலுவலர் போலப் படுத்திருந்தவரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை முன்னால் கட்டி வைத்திருந்தார்கள். இது அவர் இல்லை, எங்கேயோ ஆள் மாறிவிட்டது என்று உண்மையிலேயே ஒரு நிமிடம் நம்பினேன்.

ஞாயிறு காலை சுமதி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, நாளைக்கெல்லோ நிலா அனுப்பவேணும்? அவர் திங்கட்கிழமை எனக்குச் சொன்னவர், உதுக்குள்ளை பிள்ளையின்ர எழுத்து இருக்கு, தொடாதை எண்டு. நான் எல்லாத்தையும் மறந்துபோனன். கெதியா வாங்கோ."

நாங்கள் போனோம். சுமதி விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த மேசையிலேயே இடம் தந்தார். நிலா தன் தோழியிடம் இரவல் வாங்கி வந்த கணினியில் அந்த ஹாட் டிஸ்க்கைக் கொழுவினாள். அவளுடைய பெயரில் கொப்பி இருந்தது. நான் கடவுளே என்றேன். ஆய்வேட்டைத் திறந்தாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கோப்பு பழுது என்று ஒரு வரி வந்தது. மேசையை ஒதுக்க வயரைக் கழற்றிய அந்த நேரத்தில் அது பாதி வழியில் நின்றிருக்கிறது.

நிலா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பென்டிரைவ் வித்தை தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லையே. தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். நான் நிலாவின் கணினியை எடுத்து, வயரைக் கொழுவி, பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்திவிட்டு மேல் வரிசையில் கொத்தத் தொடங்கினேன். முதல்தரம் கறுப்பு. இரண்டாம்தரமும் கறுப்பு. மூன்றாம்தரம் நான் வசந்தனைத் திட்டினேன். "எந்தப் பொத்தான் தம்பி, சொல்லிப்போட்டுப் போயிருக்கக்கூடாதோ" என்று வாய்விட்டே கேட்டேன். அது பிழையான பொத்தான். அதற்குப் பக்கத்துப் பொத்தானைக் கொத்தினேன். திரை நிறம் மாறி எழும்பியது.

எல்லாவற்றையும் எடுக்கப் போனால் மறுபடி இரண்டு நாள் போகும். அதனால் ஆய்வேட்டை மட்டும் முதலில் எடுத்தோம். அந்த நேரம் முழுக்க நான் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் நிலா தோழியின் கணினியில் அதைத் திறந்தாள். திறந்தது.

"ஒரு வரி வாசியுங்கோ" என்றார் சுமதி, கதவடியில் நின்றபடி. "அவர் வாசிக்கச் சொல்லுறவர்."

நிலா இத்தாலிய மொழியில் ஒரு வரி வாசித்தாள். "என்ன எழுதியிருக்கு?" என்று சுமதி கேட்டார். "எலுமிச்சை இலையிலை வாற ஒரு பூஞ்சணம் அன்ரி" என்றாள் நிலா. சுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் கண்டறியாத பூஞ்சணத்துக்கோ இவ்வளவு பாடு?" என்று சிரித்து, சிரித்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய படத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

நிலாவுக்குத் தேவையான மற்றவற்றையும் எடுத்து முடித்தபோது மதியம் திரும்பிவிட்டது. இனி இயங்குதளம் ஏற்றவேண்டும். அதற்கு அவர் தனியாக எழுதி வைத்த இன்னொரு பென்டிரைவ் இருந்தது. மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டு முடித்து, எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்ற கேள்வி வந்து நின்றது. என் கை முன்னால் போனது. சுமதி வந்து என் கையைத் தள்ளிவிட்டு, கணினியை நிலாவின் பக்கம் திருப்பினார். "அவர் இப்பிடித்தான் திருப்பிறவர்" என்றார். நிலா அழுத்தினாள்.

அது ஏறி முடிய முக்கால் மணி நேரம் எடுத்தது. திரையில் நூற்றுவீதம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருந்தது. நிலா களைத்துப்போய்க் கதிரையிலேயே தூங்கிவிட்டாள். நானும் சுமதியும் மட்டும் விழித்திருந்தோம். அப்போது எனக்கு அதை அடக்க முடியாமல் போயிற்று.

"சுமதி, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். வசந்தன் செத்த செய்தியை இவர் எனக்குச் சொன்ன உடனை, நான் என்ன கேட்டனான் தெரியுமே? அப்ப நிலாவின்ர லப்டொப் எண்டு கேட்டனான். முதல் அதைத்தான் கேட்டனான்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கோல் எடுத்தது அவரோடை வேலை செய்யிற இத்தாலிக்காரன் அக்கா. அவன் அழுது அழுதுதான் சொன்னவன். நான் அவனிட்டை என்ன கேட்டனான் தெரியுமே? 'அப்ப பின்னேரம் பிள்ளையை ஆர் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறது?' எண்டு கேட்டனான். இத்தாலியிலை, ஒரு பிழையில்லாமல், வடிவாக் கேட்டனான். அவன் பாவம், எனக்குத் தெரியாது சின்யோரா எண்டான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார். "அண்டையிலை இருந்து எனக்கு அதுதான் காதுக்குள்ளை. மனுசன் கப்பல் படியிலை கிடக்கிறார், நான் பள்ளிக்கூடம் விடுற நாலரை மணியைக் கேட்டிருக்கிறன். நீங்கள் லப்டொப்பைக் கேட்டது என்ன பெரிய காரியம்? இப்பவும் எனக்கு அந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லை அக்கா. இந்தக் கிழமை பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவை. புதன்கிழமையிலை இருந்து நான் வேலைக்குப் போகவேணும், நான் பாக்கிற சின்யோராவோடை நிக்க வேறை ஆள் இல்லை. ஆறு மணியாகும் வர. அவர்தான் ஒவ்வொரு நாளும் போறவர்."

"நான் போறன்" என்றேன்.

"நீங்கள் பகேரியாவிலை நிண்டு எப்பிடி?"

"அதை நான் பாக்கிறன்."

அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சின்யோராவிடம் மூன்று மணிக்கே போகவேண்டும் என்று சொன்னபோது ஒரு நாள் முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது முதல் ரயிலில் போகிறேன், அவர் எழும்பமுன் வேலை தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில், பெற்றோர் கையெழுத்து வைத்த அனுமதித் தாள் இல்லாமல் பிள்ளையை வேறு ஆளிடம் விடமாட்டார்கள். சுமதி கையெழுத்து வைத்துத் தந்தார். நிலா தன் பூஞ்சணத்தைத் திங்கட்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் பட்டம்.

நான் போன முதல் நாள் நாலரைக்குப் பள்ளிக்கூட வாசல் திறந்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வசந்தனின் மகள் அபிக்கு ஏழு வயது. என்னைக் கண்டாள், ஆனால் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தாள். பிறகு புத்தகப் பையைக் கழற்றி என் கையில் தந்தாள். சந்தைக்குள்ளால் நடந்தோம். வீட்டுப் படி வரும்போதுதான் வாய் திறந்தாள்.

"அல்லோரா, அப்ப நாளைக்கும் நீங்களோ அன்ரி வருவீங்கள்?"

"ஓம் குஞ்சு, நாளைக்கும் நான்தான் வருவன்."

"அப்பாவும் ஓம் எண்டுதான் சொன்னவர்."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனாள். நான் பையோடு கீழேயே நின்றேன்.

வசந்தனிடமிருந்து நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அந்தப் பள்ளிக்கூட வாசலை வைத்திருக்கிறேன். நாலரைக்குத் திறக்கும் வாசலுக்கு நாலு மணிக்கே போய்விடுகிறேன். பிள்ளை வெளியே வந்ததும் முதல் பார்க்கிற இடம் எதுவோ, அந்த இடத்தில் நிற்கிறேன்.